முதலில் தண்ணீர்

“எல்லாத்தையும் அறுத்துட்டு இருக்கணும்மா. எப்படின்னு சொல்லுங்க.”

சிவசைலம் கேட்டார்.

நாச்சியார் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எல்லாம்னா எது?”

“வீடு. பேரு. பிள்ளைங்க. பழசு. எல்லாம்தான்.”

“பழசுல எது?”

அவர் முறத்தைப் பார்த்தார்.

அவள் தவிட்டை ஊதித் தள்ளினாள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. ஆனாலும் கீழே நின்றவர் அவர்தான். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு கண்ணாடிக் கூடு.

பொதிக்கரடு ஒரு மொட்டைப் பாறைக்குன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுனை உண்டு. சுனைக்குச் சற்று மேலே இரண்டு ஓட்டுக் கொட்டகைகள். பெயர்ப்பலகை கிடையாது. அடிவாரத்து ஜனங்கள் அதை மடம் என்றார்கள். நாச்சியார் அங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏறி வருவார்கள். சிலர் அன்றே இறங்கிவிடுவார்கள். சிலர் தங்குவார்கள்.

முன்பு பஸ் கண்டக்டராக இருந்த பூதலிங்கம் அப்படித் தங்கியவர். சமையல் அவருடையது.

“என்ன வேலை பாத்தீங்க?” நாச்சியார் கேட்டாள்.

“காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்தினேன். முப்பத்து நாலு வருஷம்.”

“அதுல என்ன பாடம்?”

“வேதிப் பிணைப்பு. அணுவும் அணுவும் எப்படிச் சேருது, சேந்தது எப்படிப் பிரியுது, அதுதான்.”

“எனக்கு அது தெரியாது. அஞ்சாப்போட நின்னுட்டேன். கத்துக்குடுங்க.”

“நான் உங்ககிட்ட கேக்க வந்திருக்கேம்மா.”

“நானும் கேக்கத்தானே செய்யுதேன்.”

கேலி செய்கிறாளோ என்று அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை.

“காலையில சுனையிலயிருந்து தண்ணி எடுத்துட்டு வாங்க. அது உங்க வேலை. சாயங்காலம் எனக்குப் பாடம்.”

*

மறுநாள் சாயங்காலம் அவள் ஒரு தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள்.

மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்தாள். ஒன்றை மெல்ல உள்ளே விட்டாள். அடுத்தது. அடுத்தது.

தண்ணீர் வழியவில்லை.

இன்னும் நாலு கொட்டை போட்டாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உப்பி நின்றது. விளக்கொளியில் அதன் முதுகு வளைந்திருப்பது தெரிந்தது.

“ஏன் வழியல?”

சிவசைலத்துக்கு இது முதல் வருஷப் பாடம். தூக்கத்திலும் சொல்வார்.

“தண்ணியில ஒவ்வொரு துணுக்கும் பக்கத்துத் துணுக்கைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. உள்ள இருக்கிறதுக்குச் சுத்திலும் ஆள் இருக்கு. மேல்மட்டத்துல இருக்கிறதுக்கு மேல ஆள் இல்ல. அதனால பக்கத்துல இருக்கிறதையும் கீழ இருக்கிறதையும் இறுக்கிப் பிடிச்சுக்கிடுது. அந்தப் பிடிதான் வழிய விடல.”

“எதுக்குப் பிடிக்குது?”

“ஒரு துணுக்குல மூணு அணு. நடுவுல ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன். பொதுவா வச்சிருக்கிற எலக்ட்ரானை ஆக்சிஜன் தன் பக்கமே இழுத்து வச்சுக்கிடும். ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் குறைபட்டுப் போகும். குறைபட்ட பக்கம் அடுத்த துணுக்கோட நிறைஞ்ச பக்கமாச் சாயும். அதுதான் பிடி.”

“வீட்டுக்குள்ள குறைன்னா அடுத்த வீட்டுல போய் நிக்கும்.”

“அப்படியும் சொல்லலாம்.”

“எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும்?”

“ஒரு விநாடியை லட்சம் கோடிக் கூறாப் போட்டா, அதுல ஒரு கூறு. ரெண்டு கூறு.”

“அப்புறம்?”

“விட்டுரும். விட்ட உடனே இன்னொண்ணைப் பிடிக்கும்.”

“விடாம பிடிச்சா?”

“ஐஸ்கட்டி.”

“பிடிக்கவே செய்யாட்டி?”

“ஆவி.”

நாச்சியார் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து, கொட்டைகளை விரலால் தடுத்து, தண்ணீரை முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினாள். சோற்றுக்கு உப்புப் போட்டாச்சா என்று பூதலிங்கத்திடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

சிவசைலம் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

*

விடிந்ததும் அவளைத் தேடிப் போனார். முகம் தெளிந்திருந்தது.

“புரிஞ்சுட்டும்மா.”

“என்ன புரிஞ்சுது?”

“பிடிக்கணும், உடனே விட்டுரணும். தண்ணி மாதிரி. இறுகிப் போனா கட்டி. பிடியே இல்லாட்டி ஆவி. நான் இத்தனை வருஷமா இறுகிப் போய் இருந்திருக்கேன்.”

நாச்சியார் சாணி தட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு. இதை காலேஜ்லயும் சொன்னீங்களா?”

அவர் யோசித்தார்.

“சொல்லியிருக்கேன். வகுப்பு முடியும்போது சொல்லுவேன். பிள்ளைங்க கைதட்டும்.”

“அப்ப இது நீங்க பையில கொண்டுவந்தது. இங்க கிடைச்சதில்ல.”

அவள் அடுத்த வறட்டியைத் தட்டினாள்.

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்கு இறங்கினார்.

*

பாடம் நடந்தது. உப்பு ஏன் கரைகிறது என்று கேட்டாள். எண்ணெய் ஏன் கலப்பதில்லை என்று கேட்டாள். ஐஸ் ஏன் மிதக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் ஒன்றையும் மறக்கவில்லை. நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் முரண் வந்தால் நிறுத்திக் கேட்டாள்.

இப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை என்று அவர் பூதலிங்கத்திடம் சொன்னார்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. கிடைத்திருக்கிறாள், ஒருத்தி, என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைப் பூதலிங்கம் கவனித்தார். தூக்கத்தில் பேசுகிறார் என்பதும் தெரிந்தது. நாச்சியாரிடம் சொன்னார்.

“தெரியும்,” என்றாள் அவள்.

*

ஆடி பிறக்கும் முன் கொட்டகைச் சுவருக்கு வெள்ளை அடிப்பது வழக்கம். அடிவாரத்துச் சூளையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கல் ஒரு சாக்கு வந்து இறங்கியது.

பூதலிங்கம் கல்லைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டினார். குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் சாய்த்தார். கல் உறிஞ்சியது. சீறியது. மெல்ல ஆவி கிளம்பியது. அவர் பழகிய ஆள். தள்ளி நின்று, நிறுத்தி நிறுத்தித்தான் ஊற்றினார்.

சிவசைலம் சுனையிலிருந்து ஏறி வந்தார். சீறும் சத்தம் கேட்டது. ஆவி தெரிந்தது. தொட்டிப் பக்கம் குனிந்திருந்த ஒரு தலை தெரிந்தது.

இடுப்புக் குடம் கீழே விழுந்து உருண்டது.

ஓடிவந்து பூதலிங்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். பூதலிங்கம் மல்லாக்க விழுந்தார். அவர் கையிலிருந்த குடம் தொட்டிக்குள் கவிழ்ந்தது. அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் கல்லின் மேல் கொட்டியது.

தொட்டி குமுறியது. வெந்த சுண்ணாம்பு சிதறி சிவசைலத்தின் வலது கையில் முழங்கை வரை அப்பியது.

அவர் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாச்சியார் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவரை இழுத்துப்போய் கல்லில் உட்காரவைத்தாள். காலையில் அவர் எடுத்துவந்து நிறைத்திருந்த குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

“எவ்வளவு நேரம் ஊத்தணும்?”

“நிறைய,” என்றார் அவர். பல் கிட்டியிருந்தது. “சுண்ணாம்பைக் கழுவிரும். சூட்டையும் எடுத்துக்கிடும்.”

“தண்ணிக்குச் சூடு ஏறாதா?”

“மெதுவாத்தான் ஏறும். வர்ற சூட்டுல பாதி அந்தப் பிடிகளைத் தளர்த்தவே செலவாகிரும். அதனால தண்ணி நிறையத் தாங்கும்.”

அவள் அடுத்த செம்பை ஊற்றினாள்.

“எரிச்சல் குறையுதா?”

“அன்னைக்கு இப்படி யாராவது ஊத்தியிருக்கலாம்.”

“என்னைக்கு?”

தண்ணீர் கையில் விழுந்து பாறையில் ஓடியது.

“நான் அங்க இருந்திருந்தா ஊத்தியிருப்பேன். நான் இல்ல.”

*

கையில் வாழை இலையைச் சுற்றியிருந்தார்கள். பூதலிங்கம் அடிபட்ட முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார். மெதுவாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“இருபத்தொரு வருஷம் ஆச்சு,” என்றார் சிவசைலம். “ரெண்டாவது வருஷ வகுப்பு. லேப்ல கந்தக அமிலம் கலந்து வைக்கணும். அடர் அமிலம். அதைத் தண்ணியோட சேத்து நீர்க்க வைக்கிறது. செண்பகவல்லின்னு ஒரு பிள்ளை. நல்லாப் படிக்கிற பிள்ளை. எல்லாத்துக்கும் முன்னால நிக்கும். நீ கலந்து வைம்மா, வந்துடுதேன்னு சொல்லிட்டுப் போனேன்.”

“எங்க?”

“பிரின்சிபல் ரூமுக்கு. அன்னைக்குத்தான் என்னைய துறைத் தலைவராப் போட்டிருந்தாங்க. காப்பி குடிக்கக் கூப்பிட்டாங்க.”

நாச்சியார் அவர் கையில் சுற்றிய இலையின் கட்டைச் சரிசெய்தாள்.

“தண்ணியை எடுத்து வச்சு, அதுல அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். அமிலத்துக்குள்ள தண்ணியை ஊத்தவே கூடாது. ஊத்தினா மேல மிதக்கிற தண்ணி அந்த நிமிஷமே கொதிச்சு, அமிலத்தையும் தூக்கிட்டுத் தெறிக்கும். வருஷா வருஷம் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். அந்த வருஷம் சொல்லல. பதவி வருமா வராதான்னு அலைஞ்சுக்கிட்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன்.”

“அந்தப் பிள்ளை தண்ணியை ஊத்திட்டு.”

“ஆமா. வலது கண்ணு போயிட்டு. கன்னமும் கழுத்தும் வெந்துபோச்சு.”

“நீங்க?”

“விசாரணை வச்சாங்க. எழுதிக் கேட்டாங்க. எச்சரிக்கை எல்லாம் தெளிவாச் சொல்லியிருந்தேன், மாணவி கவனக்குறைவா நடந்துக்கிட்டான்னு எழுதிக் குடுத்தேன்.”

“கையெழுத்து போட்டீங்க.”

“போட்டேன்.”

“அந்தப் பிள்ளை இருக்கா?”

“இருக்கா. கோவில்பட்டியில. பினாயில், சோப் ஆயில் செஞ்சு விக்கிறதாக் கேள்வி. தெருப் பேரு கூடத் தெரியும். கோவில்பட்டி வழியாப் போற பஸ்ல நான் ஏற மாட்டேன்.”

ஒரு காகம் சுனைப் பக்கம் இறங்கியது.

நாச்சியார் கேட்டாள். “அமிலமும் தண்ணியும் சேந்தா எதுக்கு அவ்வளவு கொதிக்குது?”

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இந்த நேரத்தில் பாடமா என்று பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

“ரெண்டுக்கும் ஒண்ணுமேல ஒண்ணு அவ்வளவு இழுப்பு. சேரும்போது சூடு வெளிய வருது. எது பிணைஞ்சாலும் சூடு வெளிய வரும்.”

“அறுந்தா?”

“அறுந்தா வராது. அறுக்கத்தான் சூடு கேக்கும். நிறையப் பேர் மாத்திச் சொல்லுவாங்க. பரிட்சையிலயும் மாத்தி எழுதுவாங்க. எந்தப் பிணைப்பும் தானா அறாது. அறுக்கணும்னா வெளியிலயிருந்து சூட்டைக் குடுத்தாகணும். தண்ணியோட பிடி விடுறதும் சுத்தியிருக்கிற சூட்டாலதான்.”

“குடுக்காட்டி?”

“அப்படியே இருக்கும்.”

“எத்தனை வருஷம்?”

சிவசைலம் கையில் சுற்றிய வாழை இலையைப் பார்த்தார்.

நாச்சியார் எழுந்து உள்ளே போனாள். அவருடைய துணிப்பையை எடுத்துவந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள்.

“என்னைப் போகச் சொல்லுதீங்களா?”

“நீங்க இன்னும் வரவே இல்லையே ஐயா.”

*

அவர் இறங்கினார்.

முதலில் திருநெல்வேலியில் தன் வீட்டுக்குப் போனார். மேஜையில் உட்கார்ந்து, புண்பட்ட கையால், கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பக்கம் கூட வரவில்லை. இருபத்தொரு வருஷமாகச் சுமந்தது ஒரு பக்கம் கூட வரவில்லையே என்று திரும்பத் திரும்பப் படித்தார். அதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதினார். ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினார்.

அன்று தெருமுனை வரை போனார். திரும்பிவிட்டார்.

மறுநாளும் போனார். தெருமுனையில் ஒரு டீ குடித்தார். திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் டீக்கடையில் நிற்காமல் நடந்தார்.

வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. வாசலிலேயே பினாயில் வாசனை. நீல டிரம்கள் வரிசையாக நின்றன. உள்ளே மூன்று பெண்கள். இரண்டு பேர் எதிரே நின்றார்கள். ஒருத்திக்கு ஐம்பது இருக்கும். இன்னொருத்தி அவளைவிட ரொம்ப இளையவள், வேலைக்குப் புதிது என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

மூன்றாமவள் அவருக்கு வலது பக்கத்தைக் காட்டி நின்றாள்.

கன்னத்தில் தோல் சுருங்கி மினுமினுத்தது. அந்தப் பக்கம் கண் இருந்த இடம் மூடியிருந்தது. அதனால் அவர் வந்து வாசலில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“சொல்லு கோமு,” என்றாள்.

புதியவள் சொன்னாள். “தண்ணிக்குள்ள ஆசிட். ஆசிட்டுக்குள்ள தண்ணி இல்ல.”

“இன்னொரு தடவ.”

“தண்ணிக்குள்ள ஆசிட். ஆசிட்டுக்குள்ள தண்ணி இல்ல.”

“முதல்ல டிரம்முல என்ன இருக்கணும்?”

“முதல்ல தண்ணி.”

“அவசரம். நான் ஊர்ல இல்ல. ஆர்டர் நிக்குது. அப்ப?”

“அப்பவும் முதல்ல தண்ணி.”

“பத்து தடவ சொல்லு. அப்புறம் கேனைத் தொடு.”

கோமு சொன்னாள். சிவசைலம் வாசலில் நின்று பத்துத் தடவையும் கேட்டார்.

முடித்துவிட்டு அவள் சொன்னாள். “அக்கா, யாரோ வந்திருக்காங்க.”

செண்பகவல்லி உடம்பை முழுதாகத் திருப்பினாள். திருப்பினால்தான் அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சார்,” என்றாள்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டாள். “உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

“செண்பகவல்லி, அன்னைக்கு நான் சொல்லல.”

“என்னது சார்?”

“தண்ணிக்குள்ளதான் அமிலத்தை ஊத்தணும்னு. உங்க வகுப்புக்கு நான் சொல்லவே இல்ல. சொன்னதா எழுதிக் குடுத்தேன். பொய்.”

டிரம் கிளறும் கட்டை அவள் கையில் இருந்தது. அது அசையவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ஆஸ்பத்திரியில கிடக்கும்போது சொல்லிக்கிட்டே இருந்தேன் சார். சார் சொல்லல, சார் சொல்லலன்னு. யாரும் நம்பல. சாருக்கு என்ன, பொய் சொல்லணும்னு தலையெழுத்தான்னாங்க. ஒரு வருஷம் சொன்னேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்டு. நீங்க சொல்லியிருப்பீங்க, நான்தான் ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்திருப்பேன்னு. யோசிச்சு யோசிச்சு, உங்க கையெழுத்துல போர்டுல அது எழுதியிருக்கிற மாதிரியே வந்துட்டு. இடது பக்க ஓரத்துல. அடிக்கோடு கூடப் போட்டிருக்கீங்க.”

“போர்டுல எழுதல.”

“எழுதல.”

“இல்லம்மா.”

“அடிக்கோடும் இல்ல.”

“இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். கூடவே நின்ற இரண்டு பெண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிரம்மைப் பார்த்தார்கள்.

“எங்கம்மாகிட்ட சொல்லணும்,” என்றாள் செண்பகவல்லி. “அவங்களுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லணும்.”

உள்ளே போய்த் தாயைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். எழுபது வயதுக்காரி. யார் இது என்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலேஜ் சாரு,” என்று செண்பகவல்லி அவள் காதருகே சொன்னாள்.

தாய் உடனே கும்பிட்டாள். “சாரா. நல்லா இருக்கீங்களா சார்? இவ பண்ணின காரியத்துல உங்களுக்கும் அன்னைக்கு எவ்வளவு சங்கடம்.”

சிவசைலம் தாயின் அருகே போனார்.

அவர் சொன்னார்.

“கேக்கல,” என்றாள் தாய்.

அவர் குரலை உயர்த்தினார். முப்பத்து நாலு வருஷம் பின் வரிசைக்குக் கேட்கப் பேசிய குரல் அது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“நான் சொல்லிக்குடுக்கல. தப்பு என்னுது. உங்க மக மேல தப்பே இல்ல.”

தாய் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கும்பிட்ட கை எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு மகளிடம் திரும்பினாள்.

“அப்ப நீ சொன்னது நெசமாடீ?”

செண்பகவல்லி இன்னும் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள்.

“உங்கப்பா உசுரு போற வரைக்கும் உன்னையத்தானே...”

முடிக்கவில்லை. மகளின் கையிலிருந்த கட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சோப்பு நுரை போன பிறகும் துடைத்தாள். அப்புறம் உள்ளே போனாள்.

சிவசைலம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

“காலேஜுக்கும் இதையே அனுப்பிட்டேன்.”

செண்பகவல்லி அதை இடது கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு படித்தாள். மெதுவாகப் படித்தாள். தேதியையும் கையெழுத்தையும் கூடப் படித்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

“உன்கிட்ட மன்னிப்பு கேக்க எனக்கு...”

“அதை இன்னைக்குக் கேக்காதீங்க சார்.”

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குக் காரணம் இல்லை. செருப்பைத் தேடினார். ஒரு கால் நுழைந்தது. மறு கால் நுழையவில்லை.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“போறேம்மா.”

அவள் கோமுவையும் மற்றவளையும் காட்டினாள்.

“இதுங்க நான் சொன்னேன்னு செய்யுதுங்க. ஏன் முதல்ல தண்ணி, ஏன் மாத்தி ஊத்தக் கூடாதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. தெறிக்கும்னு தெரியும். எதுக்குத் தெறிக்குதுன்னு தெரியாது. படிப்பு அதோட நின்னுட்டுல்லா.”

டிரம் மூடியை எடுத்து மூடினாள். ஆசிட் கேனைக் காலால் சுவரோரம் தள்ளினாள். இரண்டு பெண்களையும் உட்காரச் சொன்னாள்.

அவர்களுக்கு நடுவே, ஈரத் தரையில், அவளும் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க சார்.”